கடலுக்கும் அருவிக்கும் நடுவே நாச்சிகட்சுவுரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். "ஒரு சின்ன ஊரும் பார்க்கணும், கடலும் வேணும், மலையும் வேணும்" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் நாச்சிகட்சுவுரா. பெயரைக் கேட்டதும் வழக்கமாக வரும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

ஒசாகாவுக்குத் தெற்கே பசிபிக் கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் நிலப்பகுதி கிஈ தீபகற்பம். அதன் தென்கிழக்குக் கரையில், வாகயாமா மாநிலத்தில் இருக்கிறது இந்த ஊர். மக்கள் தொகை 14,000-க்கு முன்பின். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விடுவதால் அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. ரயிலைவிட்டு இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் மீன்பிடித் துறைமுகம். அதே நிலையத்தின் வாசலில் பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் 133 மீட்டர் உயர நாச்சி அருவி. இடையில் சமவெளி என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. பல வீடுகளுக்குக் கொல்லைப்புறத்திலேயே மலை தொடங்கிவிடுகிறது.

எப்படிப் போவது?

ரயிலில்தான். ஷின்-ஒசாகாவிலிருந்து 'குரோஷியோ' விரைவு ரயில் மேற்குக் கரையைச் சுற்றிக்கொண்டு வரும். நகோயாவிலிருந்து 'நான்கி' விரைவு ரயில் கிழக்குக் கரையோரம் வரும். எதில் வந்தாலும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். இறங்கவேண்டிய நிலையம் கிஈ-கட்சுவுரா. ஒசாகாவிலிருந்து வரும்போது வலப்பக்கமும், நகோயாவிலிருந்து வரும்போது இடப்பக்கமும் சன்னல் இருக்கை கேளுங்கள். அந்தப் பக்கம்தான் கடல்.

இரண்டு ரயில்களும் நாளுக்குச் சில தடவைகளே ஓடுகின்றன. ஒன்றை விட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டிவரும். ஜப்பான் ரயில் பாஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நான்கி ரயில் வழியில் கொஞ்ச தூரம் இசே ரயில்வே என்ற வேறு கம்பெனியின் தண்டவாளத்தில் போகிறது. அந்தத் துண்டுக்குப் பாஸ் செல்லாது, தனிக் கட்டணம் உண்டு. டிக்கெட் பரிசோதகர் வண்டியிலேயே கேட்டு வாங்கிக்கொள்வார். உங்களை ஏமாற்றுகிறார் என்று நினைத்துவிட வேண்டாம்.

டோக்கியோவிலிருந்து நேராக வருபவர்கள் ஹானேடாவிலிருந்து நான்கி-ஷிராஹாமாவுக்கு விமானத்தில் வந்து அங்கிருந்து ரயில் பிடிக்கலாம்.

ஒசாகாவிலிருந்து காலையில் போய் இரவு திரும்ப முடியுமா?

முடியும். செய்யாதீர்கள். எட்டு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். மிச்ச நேரத்தில் அருவியை மட்டும் அடித்துப்பிடித்துப் பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டியதுதான். இந்த ஊரின் பாதி காலை எட்டு மணிக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. மீன் ஏலம் அப்போதுதான். அருவிப் பக்கமும் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்குவதற்கு முன்புதான் அமைதியாக இருக்கும்.

இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் மதியம் வந்து, துறைமுகத்தைச் சுற்றி நடந்து, வெந்நீர்க் குளியல். இரண்டாம் நாள் முழுவதும் மலைக்கு. மூன்றாம் நாள் காலை ஏலம், அப்புறம் ஃபுதராகுசான்-ஜி கோயில், மதிய ரயில். இதைவிட அதிகமாக எதையும் திணிக்காதீர்கள். மழை ஒரு நாளை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது.

அருவிக்கு நிறைய நடக்கவேண்டுமா? வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

நடக்க ஆசைப்படுபவர்கள் பஸ்ஸில் 'தைமோன்சாகா' நிறுத்தத்தில் இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து சுமார் 600 மீட்டருக்குக் கல் பாவிய பழைய யாத்திரைப் பாதை, 267 படிகள். நுழைவிலேயே பாதையின் இருபுறமும் இரண்டு பெரிய தேவதாருக்கள் நிற்கின்றன. 800 வயது என்கிறார்கள். கணவன் மனைவி என்று அந்த ஜோடிக்குப் பெயர். படிக்கற்களின் நடுப்பகுதி நூற்றாண்டுக் கணக்கான கால்களால் தேய்ந்து குழிந்திருக்கிறது. பாசி படர்ந்தவை, ஈரத்தில் நன்றாக வழுக்கும். செருப்போடு போகாதீர்கள். கல்பாதை முடிந்ததும் கடைத்தெரு, அதற்குப் பிறகும் கோயில் மேடை வரை படிகள்தான். மூச்சு வாங்கும். ஆனால் வழியில் கறுப்பு எள் ஐஸ்கிரீம், தேநீர் என்று உட்காரச் சாக்குகள் கிடைக்கும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் கோயில் மட்டம் வரைக்கும் டாக்சியில் போகலாம். மேலே ஒரு கட்டணச் சாலை இருக்கிறது. அங்கிருந்தே சிவப்பு மூவடுக்குக் கோபுரத்துக்குப் பின்னால் அருவி விழுவது தெரியும். அருவியின் அடிவாரத்துக்கு இறங்க மட்டும் நூற்றுச் சொச்சம் கல்படிகள் உண்டு, திரும்பி ஏறவும் வேண்டும். அதைத் தவிர்க்க வழியில்லை.

அருவியில் குளிக்கலாமா?

கூடாது. அருவிதான் அங்கே தெய்வம். அடிவாரத்தில் இருக்கும் ஹிரோ ஆலயத்தில் மூலவர் என்று தனியாக ஒருவர் கிடையாது, கருவறையும் இல்லை. ஒரு தோரண வாயில், அதற்கு அப்பால் விழும் தண்ணீர், அவ்வளவுதான். உச்சியில் பாறைக்குக் குறுக்கே கட்டியிருக்கும் புனிதக் கயிற்றை வருடத்துக்கு இரண்டு முறை, ஜூலை 9 அன்றும் டிசம்பர் 27 அன்றும், பூசாரிகள் ஏறிப் போய் மாற்றுகிறார்கள். 2012-ல் மூன்று மலையேறிகள் அனுமதியில்லாமல் அருவியில் ஏறப் பார்த்துக் கைதானார்கள். சுற்றியுள்ள காட்டுக்குள்ளும் யாரும் நுழையக்கூடாது. கோயில் காடு என்பதால் கோடரி படாமல் தப்பித்த காடு அது.

சில நூறு யென் கொடுத்தால் அருவிக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும் மேடைக்குப் போகலாம். கொடுங்கள். கீழே நின்று பார்க்கும்போது ஒரே தாரையாகத் தெரிவது, உச்சியில் மூன்று பள்ளங்கள் வழியாகப் பிரிந்து விழத் தொடங்குவது அங்கிருந்து தெளிவாகத் தெரியும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மூக்குக் கண்ணாடி நனைந்துவிடும். அருவி நீரைச் சின்னக் கிண்ணத்தில் வாங்கிக் குடிக்கவும் அங்கே ஏற்பாடு உண்டு.

ஜூலை 14 அன்று போக முடிந்தால் நெருப்புத் திருவிழா பார்க்கலாம். ஆளுக்கு 50 கிலோ அளவுள்ள 12 தீப்பந்தங்களைத் தோளில் சுமந்துகொண்டு வெள்ளை உடையில் கல்படிகளில் ஏறி இறங்குவார்கள். கூட்டம் தாங்காது. அறைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும்.

மேலே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோயில்கள் இருக்கின்றனவே, ஏன்?

ஒன்று குமானோ நாச்சி தாய்ஷா, ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவின் ஆலயம். குமானோ என்பது இந்த வட்டாரத்தின் பெயர். இன்னொன்று செய்கான்தோ-ஜி, பௌத்தக் கோயில். 1868-ல் மெய்ஜி அரசு இரண்டு மதங்களையும் பிரித்தே ஆகவேண்டும் என்று ஆணையிடும் வரை இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. செய்கான்தோ-ஜியின் மரக்கூடத்தை 1590-ல் அன்றைய ஜப்பானை ஆண்ட தொயோதோமி ஹிதேயோஷி திரும்பக் கட்டினார். அரக்கு நிற ஷின்டோ ஆலயத்தைவிட, ஊதுபத்திப் புகையேறிக் கறுத்த இந்தக் கூடம்தான் எனக்குப் பிடித்தது. கருணைத் தெய்வமான கான்னோனுக்கு மேற்கு ஜப்பானில் உள்ள 33 தலங்களைச் சுற்றும் யாத்திரை இங்கேதான் தொடங்குகிறது.

செய்கான்தோ-ஜியின் தலபுராணத்தைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவீர்கள். இந்தியாவிலிருந்து கடலில் அடித்துக்கொண்டு வந்து கரையேறிய ரக்யோ என்ற துறவிதான் அருவியடியில் தவமிருந்து இந்தக் கோயிலைத் தொடங்கினாராம். வரலாறு என்று யாரும் சாதிப்பதில்லை, ஐதிகம்தான். ஆனாலும் ஆயிரம் வருடமாக இப்படி ஒரு கதையைச் சொல்லிக்கொள்ள ஒரு கடற்கரை ஊருக்குத் தோன்றியிருக்கிறதே.

பொதிகை மலைக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். உண்மையா, கட்டுக்கதையா?

பாதி உண்மை, பாதி ஆய்வாளர்களின் வாதம். பொறுமையாகச் சொல்கிறேன்.

நாச்சி ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் ஃபுதராகுசான்-ஜி என்ற சின்னக் கோயில் இருக்கிறது. ஜப்பானில் கான்னோன் என்று வணங்கப்படும் அவலோகிதர் குடியிருக்கும் பொதலகம் என்ற மலையின் பெயரைத்தான் ஜப்பானிய உச்சரிப்பில் இது சுமக்கிறது. திபெத்தின் பொதாலா அரண்மனைக்கும் அதே பெயர்தான். அந்த மலை இந்தியாவின் தெற்கே, கடலோரம் இருப்பதாகப் பௌத்த நூல்கள் சொல்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங், தென்கோடியில் மலய மலைக்கு அருகே அது இருப்பதாக எழுதினார். அது திருநெல்வேலிப் பக்கத்துப் பொதிகைதான் என்று ஷூ ஹிகோசாகா என்ற ஜப்பானிய ஆய்வாளர் வாதிட்டிருக்கிறார். தமிழிலும் இதற்கு ஒரு தடயம் உண்டு. அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்கிறது 11ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான வீரசோழியம். அகத்தியரின் மலை எது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, நாச்சியில் என்ன நடந்தது? அந்தத் தென்திசை மலைக்குப் போய்ச் சேர இங்கிருந்து துறவிகள் படகேறினார்கள். முதல் பயணம் 868-ல், கடைசி 1722-ல் என்கிறது கோயில் மரபு. இடையில் இருபது பயணங்கள் அளவில். படகின் நடுவே ஒரு மரப்பெட்டி அறை. துறவி உள்ளே போனதும் வெளியிலிருந்து ஆணியடித்துவிடுவார்கள். ஒரு மாதத்துக்கான கொஞ்சம் உணவு, விளக்கெண்ணெய். வாடைக்காற்று வீசும் நவம்பர் வாக்கில் வேறு படகுகள் இழுத்துப்போய் ஆழ்கடலில் கயிற்றை அறுத்துவிடும். எல்லோரும் மனமுவந்து போனார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 16ஆம் நூற்றாண்டில் கொன்கோபோ என்ற துறவி பெட்டியை உடைத்துக்கொண்டு ஒரு சிறு தீவில் கரையேறினார். அவரைப் பிடித்துத் திரும்பக் கடலில் தள்ளினார்கள் என்பது கதை. அதன் பிறகு உயிரோடு யாரையும் அனுப்பவில்லை. இறந்த துறவிகளின் உடலைத்தான் படகில் வைத்து அனுப்பினார்கள்.

கோயில் வளாகத்தில் அந்தப் படகின் மாதிரி ஒன்று கொட்டகைக்குள் இருக்கிறது. பெட்டி அறையின் நான்கு பக்கமும் நான்கு சிவப்புத் தோரண வாயில்கள். அறையின் அளவைப் பார்த்தால் ஒரு ஆள் கால்நீட்டிப் படுக்கக் கஷ்டப்படுவார் என்று தெரியும். அருவிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. தமிழர்கள் பார்க்காமல் வரக்கூடாது என்பது என் கட்சி.

சூரை மீன் ஏலத்தை வெளியாள் பார்க்கலாமா?

பார்க்கலாம். மீன் சந்தைக் கட்டடத்தின் மாடியில் பார்வையாளர் இடம் இருக்கிறது. காலை ஏழு மணியளவில் போய்விடுங்கள். சனிக்கிழமைகளில் பொதுவாக ஏலம் கிடையாது; கடல் மோசமாக இருந்தாலும் இருக்காது. தங்குமிடத்தில் முந்தின நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

கட்சுவுராவின் பெருமை, உறையவைக்காத சூரை. நீளமான கயிற்றில் வரிசையாகத் தூண்டில் முள் கட்டிப் பிடித்து, பனிக்கட்டியில் வைத்துக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். இந்த வகையில் நாட்டிலேயே முன்னணித் துறைமுகம் இது. ஈரத் தரையில் பளபளவென்று வரிசையாகக் கிடக்கும் மீன்களின் வால்பக்கம் நறுக்கியிருப்பார்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட வியாபாரிகள் குனிந்து அந்த வெட்டில் சதையின் நிறத்தையும் கொழுப்பையும் பார்த்து மதிப்பிடுவார்கள். சத்தம் போட்டு ஏலம் கூவுவதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். ஏழெட்டுப் பேர் முணுமுணுத்துக்கொண்டே பெரிய பணத்தைக் கைமாற்றிவிடுகிறார்கள்.

குளிர்காலத்திலிருந்து வசந்தம் வரை நீலத்துடுப்புச் சூரையும் வரும். பார்த்து முடித்ததும் பக்கத்துச் சிறு சந்தையில் காலைச் சாப்பாடாகவே பச்சை மீன் சோறு கிடைக்கும்.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

கஷ்டம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. இது மீனூர். சிக்கல் மீன் துண்டில் இல்லை, ரசத்தில் இருக்கிறது. நம் மாசிக்கருவாடு மாதிரிக் காயவைத்த மீனைச் சீவிக் கொதிக்கவைத்த 'தாஷி' என்ற சாறுதான் சூப், காய்கறிக் கூட்டு, நூடுல்ஸ் எல்லாவற்றுக்கும் அடிப்படை. "மீன் இல்லை" என்று கடைக்காரர் மனமார நம்பிச் சொல்வார். அவர் கணக்கில் தாஷி மீன் அல்ல. அதனால் "தாஷியும் கூடாது" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு நல்ல விஷயம் மெஹாரி-ஸூஷி. உப்பில் ஊறவைத்த பெரிய கடுகுக்கீரை இலையில் சோற்று உருண்டையைச் சுற்றித் தருவது. மரம்வெட்டிகளும் படகுக்காரர்களும் வேலைக்குக் கட்டிக்கொண்டு போன சாப்பாடு. பெரும்பாலும் உள்ளே நறுக்கிய கீரைத்தண்டுதான் இருக்கும். சில கடைகளில் மீன்சீவல் சேர்ப்பதால் கேட்டு வாங்கவேண்டும். எள் தோஃபு, ஆரஞ்சு, ஊமே என்ற புளிப்புப் பழத்தின் ஊறுகாய் எல்லாம் இந்த மாநிலத்தில் பிரமாதம். பாரம்பரிய விடுதியில் தங்கினால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் சமையல்காரர் பாவம், ஒன்றும் செய்யமாட்டார். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி ஒரு பாட்டில் எடுத்துப்போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெறும் சோறு எங்கும் கிடைக்கும்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பக்கத்து ஊர் தாய்ஜி திமிங்கல வேட்டைக்குப் பெயர்போனது. உணவு அட்டையில் 'குஜிரா' என்றிருந்தால் திமிங்கலம். வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

வெந்நீர் ஊற்றில் எல்லோர் முன்பும் ஆடையில்லாமல் குளிக்கவேண்டுமாமே?

ஆமாம். ஆண், பெண் பகுதிகள் தனித்தனி. ஆனால் உள்ளே துணி கிடையாது. முதல் ஐந்து நிமிடம் கூச்சமாக இருக்கும். ஒருவரும் உங்களைப் பார்ப்பதில்லை என்று புரிந்ததும் சரியாகிவிடும். தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்பு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைக்கக்கூடாது. பச்சை குத்தியிருந்தால் முன்கூட்டியே விசாரியுங்கள்.

முடியவே முடியாது என்றால் குடும்பத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தனிக் குளியலறைகள் சில விடுதிகளில் உண்டு. துறைமுகத்தில் கால் மட்டும் நனைக்கும் இலவசத் தொட்டியும் இருக்கிறது. பேன்ட்டை மடித்துக்கொண்டு, படகுகளைப் பார்த்தபடி உட்காரலாம்.

துறைமுகத்திலிருந்து படகில் போகும் ஹோட்டல் உரஷிமாவில் கடற்குகைக்குள்ளேயே ஒரு ஊற்று இருக்கிறது. குகைவாயில் அலை வந்து மோதும்போது நீங்கள் கழுத்தளவு வெந்நீரில் இருப்பீர்கள்.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் தொடக்கம் வரை. அடுத்து மார்ச் கடைசி முதல் மே வரை. ஜூனில் மழைக்காலம். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை புயல் பயம். குளிர்காலத்தில் கடற்கரையில் பனி விழுவது அபூர்வம். வெப்ப நீரோட்டமான குரோஷியோ பக்கத்திலேயே ஓடுகிறது.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரக்காற்று இந்த மலைச்சுவரில் மோதி மேலேறிக் கொட்டிவிடுவதால் ஜப்பானிலேயே அதிகம் மழை பெய்யும் பகுதிகளில் ஒன்று இது. அருவி வற்றாமல் இருப்பதற்கும் காரணம் அதுதான், ஊர் பேரழிவைச் சந்தித்ததற்கும் அதுதான். 2011 செப்டம்பர் புயலில் நாச்சி ஆற்றுப் பள்ளத்தாக்கில் மண்சரிவும் வெள்ளமும் சேர்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இந்த ஒரு ஊரிலேயே உயிரிழந்தார்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ரயிலையும் முன்கூட்டியே நிறுத்திவிடுவார்கள்.

நிலநடுக்கம், சுனாமி பயம்?

உண்டு. நான்காய் பள்ளம் என்னும் பெரிய நிலநடுக்க மண்டலம் இந்தக் கரைக்கு எதிரேதான் கிடக்கிறது. 1944 டிசம்பர் 7 நிலநடுக்கத்தில் கட்சுவுராவைச் சுனாமி தாக்கியது. பெரிய நடுக்கம் வந்தால் சில நிமிடங்களிலேயே அலை வந்துவிடலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் அறைக்குள் பெட்டியை வைத்ததும் முதல் வேலை, சுவரில் ஒட்டியிருக்கும் தப்பிக்கும் வழி வரைபடத்தைப் பார்ப்பது. தெருவில் பச்சை நிறப் பலகைகள் மேட்டுக்கு வழிகாட்டும். நீண்ட நடுக்கத்தை உணர்ந்தால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல், பாஸ்போர்ட்டைத் தேடாமல், மேலே ஓடுங்கள்.

குமானோ கோடோ யாத்திரைப் பாதையில் நடக்க ஆசை. முன்பயிற்சி வேண்டுமா?

தைமோன்சாகாவும் அதே பாதையின் ஒரு துண்டுதான். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சாதாரண ஆட்களுக்கு அதுவே போதும். நாச்சியிலிருந்து கொகுச்சி கிராமத்துக்குப் போகும் ஓகுமோதொரி-கோயே 14.5 கிலோமீட்டர்தான், ஆனால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். 870 மீட்டர் வரை ஏறி, அவ்வளவையும் இறங்கவேண்டும். இடையில் கடையே இல்லை. மலைநடை பழக்கம் இல்லாதவர்கள், அல்லது நாள் குறுகிய குளிர்காலத்தில் தாமதமாகக் கிளம்புபவர்கள், தொடவேண்டாம். எதிர்த்திசையில் வருபவர்களுக்கு, பல நாள் காட்டுக்குள்ளேயே நடந்த பிறகு முதன்முதலாகக் கடல் தெரியும் இடம் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. ஃபுனாமி கணவாய் என்று பெயர்.

ஆங்கிலம் போதுமா? கார்டு செல்லுமா? கடைகள்?

நிலையத்திலும் சுற்றுலா அலுவலகத்திலும் ஆங்கிலம் ஒப்பேறும். மற்ற இடங்களில் மொபைல் மொழிபெயர்ப்புதான். சின்னக் கடைகளுக்கும் காணிக்கைக்கும் ரொக்கம் வைத்திருங்கள். பஸ்ஸில் ஏறும்போது எண் போட்ட சீட்டை இழுத்துக்கொண்டு, இறங்கும்போது முன்பலகையில் அந்த எண்ணுக்கு நேரே காட்டும் பணத்தைப் பெட்டியில் போடவேண்டும். மலையிலிருந்து கடைசி பஸ் மாலையிலேயே கிளம்பிவிடும். சாப்பாட்டுக் கடைகளும் சீக்கிரம் அடைத்துவிடும்; எட்டு மணிக்கு மேல் பசித்தால் கன்வீனியன்ஸ் ஸ்டோர்தான் கதி.

விசா?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு வேண்டும். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டில் குறுகிய காலச் சுற்றுலாவுக்குத் தேவையில்லை.

என்ன வாங்கி வரலாம்?

நாச்சிகுரோ என்ற கறுப்பு மிட்டாய். கரும்புச் சர்க்கரையில் செய்தது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். அதே பெயரில் கறுப்புக் கல்லில் செய்த, மை உரைக்கும் கல்லும் சிற்பப் பொருள்களும் கடைத்தெருவில் விற்கிறார்கள். கனமானவை, விலையும் கூட. மூன்று கால் காக்கை பொறித்த தாயத்து குமானோவின் அடையாளம். கால்பந்துப் பித்தர் வீட்டில் இருந்தால் அதை வாங்கிக்கொடுங்கள். ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் சின்னமும் அதே காக்கைதான். ஊமே ஊறுகாய் வாங்கும்போது தேன் கலந்ததா, வெறும் உப்பா என்று பார்த்து வாங்குங்கள். தயிர்சாதத்துக்கு உப்புப் போட்டதுதான் ஒத்துப்போகிறது.